கையில் எடுத்துச் செல்லும் வெர்டிகல் ஆன்டெனா: தரையில் கிடக்கும் பாதியைக் கவனியுங்கள்

நீங்கள் கேட்டது இதுதான். ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் வந்துவிட்டது, 100 வாட் ரிக் (அனுப்பவும் கேட்கவும் உதவும் வானொலிப் பெட்டி) வாங்கியாயிற்று. குடியிருப்பது அடுக்குமாடியில். மொட்டை மாடியில் நிரந்தரமாக எதையும் நட்டு வைக்க மற்ற வீட்டுக்காரர்கள் சம்மதிக்கவில்லை. அதனால் பைக்கில் எடுத்துப்போய், கடற்கரையிலோ வெட்டவெளியிலோ கால் மணி நேரத்தில் நிறுத்தி, 40 மீட்டர் முதல் 10 மீட்டர் வரையிலான அலைநீளப் பேண்டுகளில் பேசக்கூடிய வெர்டிகல் (செங்குத்தாக நிற்கும் ஆன்டெனா) ஒன்று வேண்டும். வாங்குவதா, செய்வதா, எப்படி நிறுத்துவது?

வாங்கலாம், செய்யவும் செய்யலாம். எந்த வழியில் போனாலும் ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். கடைக்காரர் தரும் பையில் ஆன்டெனாவில் பாதிதான் இருக்கும். மீதிப் பாதி தரையில் விரிக்க வேண்டிய ரேடியல் கம்பிகள். பெரும்பாலான பைகளில் பெயருக்கு மூன்று நான்கு கம்பிகள் வைத்திருப்பார்கள். ‘வெர்டிகல் சரியில்லை, டைபோல்தான் (படுக்கையாகக் கட்டும் இரட்டைக் கம்பி) நல்லது’ என்று சொல்லும் பலரிடம் எத்தனை ரேடியல் போட்டீர்கள் என்று கேட்டிருக்கிறேன். ‘ஒரு முளை அடித்தேன்’ என்பதுதான் அடிக்கடி வரும் பதில்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரையில், காய்ந்த மணலில் ஓர் இரும்பு முளையை இறக்கி, அதன்மேல் 5 மீட்டர் விப்பும் (நீட்டி மடக்கும் கம்பி) காயிலும் (கம்பிச்சுருள்) வைத்து 40 மீட்டருக்கு ட்யூன் செய்தேன். மீட்டரில் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ரிக்கின் 50 ஓமோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண், 1.0 என்றால் முழுப் பொருத்தம்) 1.0. முள் அசையவே இல்லை. மகிழ்ச்சியாக ஒரு மணி நேரம் கூப்பிட்டேன், ஒருவரும் திரும்பவில்லை. அடுத்த வாரம் அதே இடத்தில் பதினாறு கம்பிகளை விரித்தேன். எஸ்டபிள்யூஆர் 2.5 ஆக ஏறிவிட்டது. ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் கூப்பிட்ட மூன்றாவது அழைப்பிலேயே பதில் வந்தது. அன்று மாலை முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தேன்.

இதன் கணக்கு எளிமையானது. விப்பில் மேலே ஏறும் மின்னோட்டம் எவ்வளவோ, அவ்வளவும் கீழே கேபிள் சேரும் இடத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். கம்பி இல்லாவிட்டால் அது மண் வழியாகத்தான் வரும். மண் மோசமான கடத்தி. அங்கே போகும் சக்தி மண்ணைச் சூடாக்குவதோடு சரி. நல்ல தரையின்மேல் நிற்கும் முழுக் கால் அலைநீள வெர்டிகலின் கதிர்வீச்சு மின்தடை (வானத்துக்குப் போகும் சக்தியைக் குறிக்கும் ஓம்) சுமார் 36 ஓம். 40 மீட்டரில் 5 மீட்டர் விப் என்பது எட்டில் ஒரு பங்கு அலைநீளம்தான். அதற்கு அந்த மின்தடை சுமார் 6 ஓமாகச் சுருங்கிவிடும். காயிலின் இழப்பு இரண்டு மூன்று ஓம். ஒற்றை முளையோடு தரை இழப்பு 40 ஓம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 50 ஓமை ஒட்டி வருகிறது. மீட்டர் ‘அருமை’ என்கிறது. உண்மையில் 100 வாட்டில் பன்னிரண்டு வாட்தான் வானத்துக்குப் போகிறது. ரேடியல் போட்டுத் தரை இழப்பை 11 ஓமுக்கு இறக்கினால் மொத்தம் 20 ஓம். எஸ்டபிள்யூஆர் 2.5 ஆகும், ஆனால் வானத்துக்குப் போவது 30 வாட். ஏறக்குறைய நான்கு டெசிபெல் லாபம். இதே லாபத்தை ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்கிப் பெற வேண்டுமென்றால் 100 வாட்டை 240 வாட்டாக்க வேண்டும்.

ஆகவே எஸ்டபிள்யூஆர் குறைந்தால் ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதையும் வானத்துக்கு அனுப்பாமல் சூடாக மட்டும் ஆகும் 50 ஓம் டம்மி லோடு கூட 1.0தான் காட்டும். ரேடியலைக் கூட்டக் கூட்ட எஸ்டபிள்யூஆர் ஏறினால் சந்தோஷப்படுங்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. பிரௌன், லூயிஸ், எப்ஸ்டீன் என்ற மூன்று பொறியாளர்கள் 1937லேயே அமெரிக்காவில் அளந்து பார்த்து எழுதிவிட்டார்கள். நடுத்தர அலை ஒலிபரப்புக் கம்பங்களின் அடியில் 120 கம்பிகளைப் புதைக்கும் வழக்கம் அந்த ஆய்வை ஒட்டி வந்ததுதான். நமக்கு 120 வேண்டாம். முதல் நான்கு கம்பிகள் தரும் மாற்றம் மிகப் பெரியது, எட்டு வரை நன்றாகத் தெரியும், பதினாறுக்கு மேல் போட்டால் உழைப்புக்கேற்ற பலன் இல்லை. என் கணக்கு பதினாறு. அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு: நம் ஊரில் வீட்டு வயரிங் கம்பி 90 மீட்டர் சுருளாக விற்கிறது. அதை ஐந்தைந்து மீட்டராக வெட்டினால் பதினாறு ரேடியல் போக, பழுதுக்கு மாற்ற இரண்டும் மிஞ்சும். 1 சதுர மில்லிமீட்டர் கம்பி தாராளம். காப்புறையை உரிக்க வேண்டாம். புல்வெளிக்குப் பச்சையும் மணலுக்குச் சிவப்பும் நல்லது. மணலில் சிவப்பு, நடப்பவர் கண்ணுக்குத் தெரியும்.

தரையில் கிடக்கும் ரேடியலின் நீளத்தை ட்யூன் செய்யவேண்டியதில்லை. மண்ணை ஒட்டிக் கிடக்கும்போது அதன் ஒத்ததிர்வு மங்கிவிடும், அதனால் ஒரே ஐந்து மீட்டர் எல்லா பேண்டுக்கும் உதவும். குட்டையான ஆன்டெனாவுக்கு நீளமான நான்கைவிட, ஆன்டெனா உயரமே நீளமுள்ள பதினாறு மேல். வட்டம் முழுவதும் சீராகப் பரப்ப முடியவில்லையா, இருக்கிற இடத்தில் விசிறி மாதிரி போடுங்கள். தரையிலிருந்து தூக்கிக் கட்டும் ரேடியல் வேறு கதை. ருடி செவர்ன்ஸ் என்ற அமெரிக்க ஹாம் பொறியாளர் செய்த அளவீடுகளில், ஓர் ஆள் மார்பளவு உயரத்தில் கட்டிய நான்கு ரேடியல்கள், தரையில் கிடந்த அறுபத்துச் சொச்சம் ரேடியல்களுக்கு இணையாக வந்தன. ஆனால் தூக்கிக் கட்டினால் அவை அந்தந்த பேண்டுக்குக் கால் அலைநீளம் இருந்தாக வேண்டும். பேண்டு மாற்றும்போதெல்லாம் அவற்றையும் மாற்ற வேண்டும். பாறைமேல் நிற்கும் நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். பொது இடத்தில் மார்பளவில் கம்பி கட்டுவது ஆபத்தும்கூட.

சரி, மேலே நிற்கும் பாதிக்கு வருவோம். பல பேண்டு வெர்டிகலுக்கு வழிகள் நிறைய உண்டு. ட்ராப் (பேண்டுகளைப் பிரிக்கும் காயில்-கப்பாசிட்டர் இணை) வைத்தவை கனமானவை, ஒரு பேண்டை மாற்றினால் மற்றதும் நகரும். ஒன்பதுக்கு ஒன்று ட்ரான்ஸ்ஃபார்மரோடு ஏதோ ஒரு நீளக் கம்பியைத் தூக்கிக் கட்டுவது வேகமான வழி, ஆனால் ட்யூனரும் (ரிக்குக்கும் ஆன்டெனாவுக்கும் ஓமைப் பொருத்தும் கருவி) ட்ரான்ஸ்ஃபார்மரும் சக்தியில் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொள்ளும். ஃபைபர் மீன்பிடிக் கம்பில் ஒவ்வொரு பேண்டுக்கும் தனிக் கம்பி கட்டுவது திறமையானது, காற்றில் சிக்கிக்கொள்ளும். நான் உங்களுக்குச் சொல்வது நீட்டி மடக்கும் ஸ்டீல் விப், அடியில் ஒரு காயில். விப் முழுதாக நீட்டினால் ஐந்தரை மீட்டரை ஒட்டி வரும்படி வாங்குங்கள். இது மட்டும் இருந்தால் 20 மீட்டர் முதல் 10 மீட்டர் வரை காயிலே தேவையில்லை. நீளத்தை இழுத்தும் தள்ளியும் முழுக் கால் அலைநீளம் கிடைக்கும். 40 மீட்டருக்கு மட்டும் காயிலைச் சேர்ப்போம்.

நீளக் கணக்கு: 71.3ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் வரும். 14.2க்கு 5.02 மீட்டர், 18.1க்கு 3.94, 21.2க்கு 3.36, 24.94க்கு 2.86, 28.5க்கு 2.50. ஒரு விஷயம் பலர் மறப்பார்கள்: கேபிள் சேரும் இடத்திலிருந்து விப்பின் அடிவரை உள்ள கம்பி, போல்ட், காயிலின் குறுக்கே போடும் இணைப்பு எல்லாம் இந்த நீளத்தில் சேரும். அதனால் உங்கள் விப்பில் வரும் அளவு இருபது முப்பது சென்டிமீட்டர் குறைவாகவே இருக்கும். முதல் நாள் ஒவ்வொரு பேண்டுக்கும் சரியான நீளம் கண்டுபிடித்ததும், விப்பில் அந்த இடத்தில் நிரந்தர மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை டேப் தேடவேண்டாம்.

காயிலை நாமே சுற்றலாம். 40 மீட்டரில் ஐந்து மீட்டர் விப்புக்குச் சுமார் 10 மைக்ரோஹென்றி வேண்டும். 50 மி.மீ. வெளிவிட்டமுள்ள பிவிசி குழாயில் 75 மி.மீ. நீளத்தில் 20 சுற்று என்றால் அந்த அளவு வரும். 23 சுற்றாகச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி மூன்று நான்கு சுற்றுகளில் எனாமலைச் சுரண்டி, முதலைக் கிளிப் மாட்டும் இடமாக்கிவிடலாம். கம்பி ஒன்றேகால் முதல் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள எனாமல் தாமிரம். மோட்டார் வைண்டிங் கடையில் எடைபோட்டுத் தருவார்கள். சுற்றுகளை ஒட்டிச் சுற்றாமல் இடைவெளி விடுங்கள். சுற்றுக்கிடையே இரண்டேகால் மில்லிமீட்டரை ஒட்டி இடைவெளி விட்டுச் சுற்ற எளிய வழி, அந்தத் தடிமனுள்ள நைலான் கயிற்றையும் சேர்த்துச் சுற்றிவிட்டுப் பிறகு கயிற்றை உருவி எடுப்பது. மெல்லிய கம்பியில் நெருக்கிச் சுற்றிய காயில் சூடாகும். எஃப்டி8 (கணினி வழியே சிறு செய்தி அனுப்பும் முறை) மாதிரி தொடர்ந்து சக்தி போகும் முறையில் பிவிசியே இளகிவிடும், அதற்கு 30 வாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காயிலை ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏற்றி வைத்தால் கொஞ்சம் கூடுதல் திறன் கிடைக்கும், சுற்றும் கூட வேண்டும். உச்சி கனத்து ஆடும் என்பதால் முதல் ஆன்டெனாவுக்கு அடியிலேயே இருக்கட்டும்.

விப்பும் அடித்தாங்கியும் வேறு வேறு இடத்தில் வாங்கினால் மரையைப் பாருங்கள். எட்டில் மூன்று அங்குல மரை 9.5 மி.மீ., மெட்ரிக் எம்10 மரை 10 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், சேராது. பலவந்தமாகத் திருகினால் மரை கெட்டு, களத்தில் நிற்கும்போது காலை வாரிவிடும்.

அடித்தாங்கி மண்ணில் இரும்பு முளையாகவும், மணலில் மூன்று கால் தாங்கியாகவும் இருப்பது நல்லது. காய்ந்த மணலில் முளை நிற்காது. தாங்கியின் நடுவில் ஒரு சாக்குப்பையைத் தொங்கவிட்டு அங்கேயே மணல் அள்ளிப் போட்டுவிட்டால் கடற்காற்றுக்கு அசையாது. விப்பின் முதல் பிரிவின் மேல்முனையில் மூன்று நைலான் கயிறு கட்டி இழுத்துவிடுங்கள், கயிற்றில் வண்ணத் துணி முடியுங்கள். அடித்தாங்கியில் ஓர் அலுமினியத் தகடு பொருத்தி, அதில் எட்டு போல்ட்டும் விங் நட்டும் வைத்தால், போல்ட்டுக்கு இரண்டு ரேடியலாகப் பதினாறும் நிமிடத்தில் சேர்ந்துவிடும். இரண்டிரண்டு ரேடியலை ஒரே ‘ஓ’ வளைய லக்கில் சாலிடர் செய்து, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுபோங்கள். ரேடியல் சிக்கினால் மனம் வெறுத்துப்போகும். பலர் நான்கோடு நிறுத்திக்கொள்வதற்குச் சிக்கும் ஒரு காரணம்.

கேபிளுக்கு ஆர்ஜி-58 பத்து மீட்டர் போதும். 28 மெகாஹெர்ட்ஸில்கூட அந்த நீளத்தில் இழப்பு ஒரு டெசிபெலுக்குள்தான். ஆனால் கேபிள் ஆன்டெனாவில் சேரும் இடத்தில் ஒரு சோக் வையுங்கள்: எஃப்டி240-31 ஃபெர்ரைட் வளையத்தில் அதே கேபிளைப் பன்னிரண்டு சுற்று. இது இல்லாவிட்டால் கேபிளின் வெளியுறையும் ஒரு ரேடியலாக நடக்கத் தொடங்கும். கேபிளைத் தொட்டால் எஸ்டபிள்யூஆர் மாறும், மைக் உதட்டில் சுரீரென்று கடிக்கும், லேப்டாப்பின் இரைச்சல் எல்லாம் ரிசீவருக்குள் வரும்.

இனி களத்தில் செய்ய வேண்டியது. முதலில் இடம். அண்ணாந்து பாருங்கள். மின்கம்பி எங்காவது தெரிந்தால், ஆன்டெனா எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எட்டாத தூரம் போதாது, உயரத்தைப்போல இரண்டு மடங்காவது தள்ளி நில்லுங்கள். சந்தேகமிருந்தால் வேறு இடம். நம்மூரில் மின்கம்பிகள் தாழ்ந்து தொங்கும். விப்பை நீட்டிய நிலையில் தூக்கிக்கொண்டு நடப்பதே கூடாது, நிறுத்திய பிறகுதான் நீட்ட வேண்டும். தூரத்தில் இடி கேட்டாலே மடக்கிவிடுங்கள்.

பிறகு தாங்கி, ரேடியல், கேபிள், கடைசியாக விப். கையில் நானோவிஎன்ஏ (ஆன்டெனாவை அளக்கும் சிறு கருவி) இருந்தால் வேலை பாதியாகும். அதைக் கேபிளின் ரிக் முனையில் மாட்டி, ஆன்டெனா முனையில் ஓப்பன், ஷார்ட், லோடு என்ற மூன்று சிறு முனைகளையும் ஒவ்வொன்றாக மாட்டி அளவு சரிசெய்துகொள்ளுங்கள். அப்போதுதான் அது காட்டும் ஓம் ஆன்டெனாவின் உண்மையான ஓம். 20 மீட்டரில் தொடங்குங்கள். எஸ்டபிள்யூஆரின் பள்ளம் 13.9ல் விழுந்தால் ஆன்டெனா நீளம் அதிகம். 13.9ஐ 14.2ஆல் வகுத்தால் 0.979. மொத்த நீளம் 5.10 மீட்டர் இருந்தால் அதை 4.99 ஆக்க வேண்டும், பதினொரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். பெரும்பாலும் ஒரே தள்ளில் முடிந்துவிடும். பிறகு விலகி நின்று பாருங்கள், பக்கத்தில் நீங்கள் நிற்பதே அளவை மாற்றும். அளந்து முடிந்ததும் நானோவிஎன்ஏவைக் கழற்றிவிட்டுத்தான் ரிக்கைத் தொட வேண்டும். மறந்து பிடிடியை (பேசும்போது அழுத்தும் பொத்தான்) அழுத்தினால் கருவி போச்சு.

40 மீட்டருக்குக் காயிலின் குறுக்கு இணைப்பை எடுத்துவிட்டு, கிளிப்பை நகர்த்தி 7.1ஐ ஒட்டிக் கொண்டுவாருங்கள். அதற்குமேல் நுட்பமாக நகர்த்த விப்பின் நீளத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும். காயில் சேர்ந்ததும் ஒரே ட்யூனிங்கில் கிடைக்கும் அலைவரிசை அகலம் நன்றாகச் சுருங்கும். 7.074ல் எஃப்டி8 போட்டுவிட்டு 7.150ல் பேசப்போனால் மறுபடி நகர்த்த வேண்டியிருக்கலாம். எஸ்டபிள்யூஆர் இரண்டு, இரண்டரை என்று நின்றால் ரேடியலைப் பிடுங்காதீர்கள். பெரும்பாலான 100 வாட் ரிக்கின் உள் ட்யூனர் மூன்று வரை சமாளிக்கும், பத்து மீட்டர் கேபிளில் 7 மெகாஹெர்ட்ஸில் இதனால் வரும் கூடுதல் இழப்பும் மிகக் குறைவு. ட்யூனர் இல்லாவிட்டால், 25 மி.மீ. குழாயில் ஓர் அங்குல நீளத்துக்கு ஏழு சுற்றுச் சுற்றிய சிறு காயிலை கேபிள் சேரும் இடத்தில், ஆன்டெனாவுக்கும் ரேடியலுக்கும் இடையே மாட்டி, பெரிய காயிலில் கொஞ்சம் சுற்றுக் குறையுங்கள். 20 ஓம் 50 ஓமை ஒட்டி வந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 100 வாட்டில் அந்த 20 ஓமுக்குள் சுமார் 2.2 ஆம்பியர் போகிறது. பெரிய காயிலின் மின்மறுப்பு 460 ஓமை ஒட்டி இருக்கும். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், காயிலின் மேல்முனையில் ஆயிரம் வோல்ட்டைத் தாண்டுகிறது. அது இருப்பது இடுப்புயரத்துக்கும் கீழே, ஒரு குழந்தை கை வைக்கும் உயரத்தில். கடற்கரையில் வேடிக்கை பார்க்க எப்போதும் நான்கு பேர் வருவார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள், ஹெட்ஃபோனைக் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள், ஆனால் ஆன்டெனாவைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு, யாராவது கிட்டே வந்தால் பேச்சை நிறுத்துங்கள்.

இந்த ஆன்டெனாவிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெர்டிகல் தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாக வீசும், தலைக்கு நேர்மேலே ஏறக்குறைய ஒன்றும் போகாது. காலையில் 40 மீட்டரில் சென்னையிலிருந்து மதுரை, கோவை நண்பர்களோடு பேசுவதுதான் உங்கள் ஆசை என்றால், இதைக் கட்டாதீர்கள். அந்தத் தூரத்துக்கு அலை செங்குத்தாக ஏறி இறங்க வேண்டும். நான்கைந்து மீட்டர் உயரத்தில் கட்டிய சாதாரண டைபோல் அந்த வேலையில் வெர்டிகலை எளிதாக வெல்லும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் பேச வேண்டும், உயரமான மரமோ கம்பமோ இல்லை என்றால்தான் வெர்டிகல் தன் மதிப்பைக் காட்டும்.

அதுவும் கடலோரத்தில். உப்புநீரின் கடத்துதிறன் காய்ந்த மணலுடையதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். தாழ்வான கோணத்தில் போகும் அலையை மண் விழுங்கிவிடும், கடல் அப்படியே அனுப்பிவைக்கும். அதனால் தண்ணீர் விளிம்புக்கு எவ்வளவு கிட்டே பாதுகாப்பாகப் போகமுடியுமோ அவ்வளவு கிட்டே போங்கள், ஈர மணலில் ரேடியலை விரியுங்கள். நம் கிழக்குக் கரையில் கடல் இருக்கும் பக்கம்தான் ஜப்பானும் தென்கிழக்கு ஆசியாவும் ஆஸ்திரேலியாவும். ஐரோப்பா நம் முதுகுக்குப் பின்னால், நிலத்தின்மேல். இருந்தாலும் மாலையில் 20 மீட்டர் திறக்கும்போது அங்கேயும் போய்ச்சேரும். ரேடியல் உண்மையிலேயே உதவுகிறதா என்று சோதிக்க விரும்பினால், நான்கு கம்பியோடு சில நிமிடம் எஃப்டி8 அனுப்பிவிட்டு, பதினாறு போட்டு மறுபடி அனுப்புங்கள். யார் யார் எத்தனை டெசிபெலில் கேட்டார்கள் என்று பிஎஸ்கே ரிப்போர்ட்டர் என்ற இணையதளத்தின் வரைபடத்தில் தெரியும். எஸ்டபிள்யூஆர் மீட்டர் சொல்லாததை அது சொல்லும்.

இன்னொரு விஷயம். இடம் மாற்றிப் பேசுவதற்கு உங்கள் உரிமத்தில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டு, அதன் நகலையும் அடையாள அட்டையையும் பையில் வையுங்கள். கடற்கரையில் காவலர் வந்து கேட்பது நியாயம். கம்பம் நட்டு வானொலியில் பேசுபவரைப் பார்த்தால் யாருக்கும் கேள்வி வரும். மரியாதையாகக் காகிதத்தைக் காட்டி விளக்கினால் பெரும்பாலும் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். நான் சொல்லும் கதை ஒன்று உண்டு: 2004 டிசம்பரில் அந்தமானில் ஹாம் நிலையம் அமைத்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவும், 26ஆம் தேதி சுனாமி வந்து மற்றத் தொடர்புகள் அறுந்தபோது, அதே நிலையத்தை மீட்புச் செய்திகளுக்குத் திருப்பினார்கள். அதைச் சொன்னதும், கால் மணி நேரத்தில் நிறுத்தக்கூடிய ஆன்டெனா எதற்கு என்று அதன்பின் யாரும் கேட்டதில்லை.

கடைசியாக, கடற்கரையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது. விப்பை முழுதாக நீட்டி, ஒவ்வொரு பிரிவையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவிட்ட பிறகே மடக்குங்கள். மணல் துகளோடு மடக்கினால் பிரிவுகள் இறுகிக்கொள்ளும், மறுமுறை இழுக்கும்போது மெல்லிய உச்சிப்பகுதி வளைந்துவிடும். ரேடியல் லக்குகளையும் கழுவித் துடைத்துவிடுங்கள். உப்பு ஏறிப் பச்சை பூத்த லக்கில் மின்தடை கூடும். மீட்டரில் எஸ்டபிள்யூஆர் அப்போதும் குறைவாக, அழகாகத்தான் தெரியும்.